நாலு டீயும் எட்டாம் பாத்தியும்

அத்தியாயம் 5

மணி இரண்டரை. கன்னியப்பனின் வேலை போவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நானும் சந்தனமேரி மேடமும் கீழ்புத்துப்பட்டைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டுவது நான். பின்னால் உட்கார்ந்து எதிரே வரும் லாரிகளைத் திட்டுவது மேடம். பெரிய முதலியார்சாவடியில் ஒரு தையல் கடை மாடியில் 'மேரி துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்குகிறது, அதன் உரிமையாளர் அவர்தான். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று காதில் விழுந்து விழுந்தே தனக்குத் துப்பறியும் புத்தி வந்துவிட்டது என்பார். நான் அரவிந்தன், உதவியாளர். இதற்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். இரண்டு வேலைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் இறங்கிப் போய்விடுவார்கள்.

கேஸைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் ஒரு உப்பளக்காரர்கள் சங்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர்கள் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் வைத்துக்கொண்டார்கள். ஆள் இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராம். போனில் பேசி அனுப்பினால் கேட்டுக்கொண்டு, தன்னிடம் இருக்கும் ஐந்து கருவிகளில் பொருத்தமானதை எடுத்து வேலையை முடித்துவிடும். கருவி என்றதும் மண்வெட்டி, கடப்பாரை என்று நினைக்க வேண்டாம். லாரிக்குச் செய்தி அனுப்புவது ஒரு கருவி. உப்பு வாரும் பெண்களை வரச்சொல்வது ஒன்று. மோட்டார் போட்டு மடையைத் திறப்பது ஒன்று. ஆபீஸ் ஒலிபெருக்கியில் அறிவிப்பது ஒன்று. டீக்காரர் ஆர்டர் எடுத்துச் சொன்னதும் கடையிலிருந்து டீ வரவழைப்பது ஒன்று. ஊரில் ஏஜென்ட் என்றால் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்தான் என்பதால் முதல் வாரம் எல்லாரும் அதற்குப் பயந்து ஒளிந்தார்களாம். அப்புறம் அது மரியாதையாகப் பேசுவதைப் பார்த்து 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தத் தம்பிதான் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எட்டாம் பாத்தியின் மடையைத் திறந்துவிட்டது. மறுநாள் வார வேண்டிய உப்பு பாத்தி நிறையப் பூத்துக் கிடந்தது. மடைக்குப் பின்னால் தேங்கியிருந்த, இன்னும் உப்பு ஏறி முற்றாத தண்ணீர் பாய்ந்து அரை மணி நேரத்தில் அத்தனையையும் கரைத்துவிட்டது. எட்டாம் பாத்தி யாருடையது என்றால், சங்கத் தலைவர் கலியபெருமாளுடையது. தம்பியிடம் கடைசியாகப் பேசியது யார் என்று பார்த்தால், மடைக்காரர் கன்னியப்பன். வேண்டுமென்றே செய்தார், வியாழக்கிழமை நாலு மணிக் கூட்டத்தில் ஆளை நீக்கப்போகிறோம் என்று தலைவர் நோட்டீஸ் எழுதிவிட்டார். அந்த வியாழக்கிழமைதான் இன்று.

மத்தியானம் எங்கள் மாடிப்படி ஏறி வந்த கன்னியப்பன் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒன்றுதான் சொன்னார்.

"இருவத்தாறு வருஷமா மடை பாக்குறேங்க. உப்ப கரைச்சவன்னு பேரு வாங்கிட்டு வேற எந்த அளத்துல போயி நிப்பேன்?"

அதற்கு மேல் மேடம் எதுவும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

சங்க ஆபீஸ் உப்பளத்தின் நடுவில் இருக்கும் ஒற்றை அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பூப்போட்ட துணி உறை. வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. சுற்றிலும் பாத்தியும் வரப்பும் ஆள் உயர உப்புக் குவியலும்தான். வெயில் மேலிருந்தும் அடித்தது, தரையிலிருந்தும் அடித்தது. நான் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அதில் துப்பறிபவன் களை வரும் என்ற நப்பாசையும் உண்டு. வாசலில் நின்ற கிளார்க் ஆரோக்கியசெல்வி, "கண்ணு வலிங்களா?" என்று கேட்டதும் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

தலைவர் கலியபெருமாள் தான் மிகவும் குறைவாகப் பேசுகிறவர் என்பதைக் கால் மணி நேரம் விளக்கினார். எழுத்தும் அப்படித்தானாம். கலெக்டருக்கு மனு போட்டாலும் ஒரே வரி. சட்டைப் பையிலிருந்த பச்சை மசிப் பேனாவைத் தொட்டுக் காட்டி, வாங்கி ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் ரீஃபில் மாற்றவில்லை என்று பெருமைப்பட்டார். பிறகு ஆரோக்கியசெல்வியிடம் அந்தக் குரல் செய்தியைப் போடச் சொன்னார்.

காற்று இரைச்சலோடு கன்னியப்பனின் குரல் வந்தது. "தம்பி, எட்டாம் பாத்தியாண்ட நாலு பேரு நிக்கிறோம். டீக்கார மணிவண்ணன் ஊர்ல இல்ல, பெருமுக்கல் கோயிலுக்குப் போயிருக்கான். அவன் கடைப் பையன்கிட்ட சொல்லி நாலு டீ அனுப்பு. ஒண்ணுல சக்கர கம்மி."

அதற்குத் தம்பியின் பதில்: "சரி ஐயா. எட்டாம் பாத்தியின் மடையை முழுதாகத் திறந்துவிட்டேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூலையில் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற கன்னியப்பனைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

டீதானே கேட்டிருக்கிறார் என்றேன். தலைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அது சங்கேத மொழியாம். நாலு டீ என்றால் மடையின் நாலு பலகை. சர்க்கரை கம்மி என்றால் உப்பு கம்மியான தண்ணீர். யாரோ வெளியூர்க்காரன் கன்னியப்பனை வளைத்துப்போட்டு இந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்து, தம்பியையும் கைக்குள் போட்டுக்கொண்டான். இதைக் கண்டுபிடிக்கத் தனக்கு இரண்டு நாள் ஆனது என்றார்.

"அப்ப சக்கர தூக்கலான்னா கடல் தண்ணிங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். இருக்கலாம் என்றார்.

கன்னியப்பன் தரப்பு இன்னும் பரிதாபம். பேசிவிட்டுப் போனை வரப்பில் வைத்துவிட்டாராம். நாலு பேரும் டீ வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றதில் தண்ணீர் வரும் திசையைப் பார்க்கவில்லை. கணுக்கால் நனைந்த பிறகுதான் திரும்பியிருக்கிறார்கள். ஓடிப் போய் மடையைக் கையால் இறக்கப் பார்த்தால் மோட்டார் மடை மசியவில்லை. டீயும் கடைசிவரை வரவில்லை. அந்தக் குறையை அவர் தனியாகச் சொன்னார்.

 மேடம் கன்னியப்பனிடம், மடை திறக்க வேண்டிய நாளில் தம்பியிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். 'இத்தனையாம் பாத்தி மடையைத் திற' என்று நேராகச் சொல்வேன், இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தப்பாகத் திறந்ததில்லை என்றார் அவர்.

மேடம் தலைவர் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழம வரைக்கும் நேரா சொன்னவரு, கெடுக்கணும்னு நெனச்ச அன்னிக்கி மட்டும் எதுக்கு ரகசிய பாஷையில சொல்லணும் தலைவரே? அவரு குரல்லயே பதிவாவுது, அவரு நம்பர்லேருந்தே போவுது. இதுல யாருகிட்ட ரகசியம்?"

மிகக் குறைவாகப் பேசும் தலைவர் முதல்முறையாகப் பேசாமல் இருந்தார்.

தம்பி இதுவரை செய்த வேலைக்கெல்லாம் கணக்கு இருக்குமே, அதைக் கொடுங்கள் என்றார் மேடம். ஆரோக்கியசெல்வி மூன்று தாள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். நாலு கட்டம் போட்டிருந்தது. நேரம், யார், என்ன கேட்டார், தம்பி என்ன செய்தது. மேலோட்டமாகப் பார்த்தபோதே இரண்டு கோளாறுகள் கண்ணில் பட்டன. ஞாயிற்றுக்கிழமை, உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவியான செல்லம்மாள், திண்டிவனத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார். தம்பி இருபது பெண்களையும் வேலைக்கு வரச்சொல்லிவிட்டது. பாதிப் பேர் சர்ச்சில் பூசை முடிந்து பட்டுப்புடவையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்களாம். திங்கட்கிழமை, லாரி ஏற்பாடு செய்யும் வேல்முருகன் தன் மகள் பிறந்தநாள் போட்டோவைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். தம்பி லாரியை வரவழைத்துவிட்டது. டிரைவர் கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாராம். பஸ்ஸும் கேக்கும்கூடச் சங்கேதச் சொற்கள்தான் என்று தலைவர் மறுபடி தெம்பாக ஆரம்பித்தார்.

மேடம் கைக்குட்டையை எடுத்து நீளமாக மடித்தார். தாளில் 'என்ன கேட்டார்' என்ற கட்டத்தின் மேல் அதை வைத்து மறைத்தார்.

"இப்ப படிப்பா, அரவிந்தா."

படித்தேன். கன்னியப்பன், மடை. வேல்முருகன், லாரி. செல்லம்மாள், பெண்கள். மணிவண்ணன், டீ. கன்னியப்பன், மடை. ஆரோக்கியசெல்வி, ஒலிபெருக்கி. செல்லம்மாள், பெண்கள். வேல்முருகன், லாரி. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரி போய்க்கொண்டே இருந்தது. மூன்று தாளிலும் ஒரு வரிகூடத் தவறவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. கன்னியப்பன், மடை.

"எக்ஸ்சேஞ்சுக்குப் புதுசா வர்ற பொண்ணுங்க இப்படித்தான் பண்ணுவாங்க," என்றார் மேடம். "என்ன நம்பர் கேக்குறாங்கன்னு காதுல வாங்க மாட்டாங்க. கூப்புடறது டாக்டர் வீடுன்னா மருந்துக் கடைக்கி லைன போட்டுருவாங்க. பாதி நாளு அது சரியாவும் இருக்கும். அதுதான் ஆபத்து. தம்பி யாரு பேசறாங்கன்னு மட்டுந்தான் பாக்குது. என்ன பேசறாங்கன்னு அது காதுலயே ஏறல."

அதெப்படி நிரூபிப்பீர்கள் என்று தலைவர் கேட்டார். கூட்டத்துக்காக வேல்முருகனும் செல்லம்மாளும் முன்னதாகவே வந்து வேப்பமரத்தடியில் இருந்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு, வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆளுக்கு ஒரு வார்த்தை தம்பியிடம் பேசும்படி மேடம் சொன்னார். கன்னியப்பனுக்கு மட்டும் தடை. போன் பக்கத்தில் தும்மக்கூட வேண்டாம் என்று அவரை ஜன்னலோரம் நிறுத்திவிட்டார். மணி மூன்றே கால்.

வேல்முருகன் கூச்சப்படுகிற ஆள். போனை வாயருகில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, "தம்பி, சாப்ட்டியா?" என்றார்.

"நான் சாப்பிடுவதில்லை ஐயா. விசாரித்ததற்கு நன்றி. லாரி வந்துகொண்டிருக்கிறது," என்றது தம்பி.

செல்லம்மாளுக்குக் கூச்சமெல்லாம் இல்லை. மருமகள் இன்றைக்கும் சாம்பாரில் புளியைக் கொட்டிவிட்டாள், இது நியாயமா, நீயே சொல் என்று ஒரு மூச்சு புலம்பினார். தம்பி மனம் இளகிவிட்டது. "கேட்க வருத்தமாக இருக்கிறது அம்மா. இருபது பேரையும் உடனே வரச்சொல்லிவிட்டேன்."

"ஒரு சாம்பாருக்கு எதுக்குடா இருவது பேரு?" என்று செல்லம்மாள் போனைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்தது ஆரோக்கியசெல்வி. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு போனில் ஏதோ முணுமுணுத்தார். எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் வெளியே கம்பத்திலிருந்த ஒலிபெருக்கி கரகரவென்று செருமிக்கொண்டு, மரக்காணம் உப்பளம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி அறிவித்தது. "அறிவிப்பு. தலைவர் பேச்சை எப்போது நிறுத்துவார் என்று தெரியவில்லை. காலையிலிருந்து தலை வலிக்கிறது. நன்றி." தூரத்துப் பாத்திகளில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஆரோக்கியசெல்வி நிமிரவே இல்லை.

பத்து நிமிஷத்தில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பின்னாலேயே வரப்பு வழியாக வரிசையாகக் கூடையும் உப்பு வாரும் பலகையுமாகப் பெண்கள். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு, சாம்பாரில் புளி அதிகம் என்பதைத் தவிர யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. ஒருத்திகூடத் திரும்பிப் போகவில்லை. வந்தது வந்தோம், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று ஜன்னலுக்கு வெளியே இடம் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. போனைப் பிடுங்கி, இதோ பாருங்கள் என்பது போல எங்களைப் பார்த்துவிட்டுப் பேசினார். "நான் தலைவர் பேசறேன். லாரிய திருப்பி அனுப்பு."

"மன்னிக்கவும் ஐயா. உங்களுக்கு ஏற்ற கருவி எதுவும் என்னிடம் இல்லை."

மறுபடி சத்தமாகச் சொன்னார். தம்பி மறுபடி அதே மரியாதையோடு அதையே சொன்னது.

"வேல செய்யறவங்களுக்குத்தான் கருவி குடுத்திருப்பாங்க போல," என்றேன். ஜன்னலுக்கு வெளியே சிரிப்பு கிளம்பியது. நான் அதில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, மேடம் மட்டும் சிரிக்காமல் தலைவரின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரவிந்தா, ஒரு கல்யாண குரூப் போட்டோ. வீட்டுல இருந்த எல்லாரும் இருக்காங்க, ஒருத்தரு மட்டும் இல்ல. அது யாரு?"

"கோவிச்சிக்கிட்டுப் போன மாமா."

"போட்டோ எடுத்தவரு," என்றார் மேடம். பிறகு ஆரோக்கியசெல்வியிடம் திரும்பி, தம்பிக்குக் கருவிகளைப் பற்றி எழுதிக் கொடுத்த தாள் எங்கே என்று கேட்டார்.

ஆரோக்கியசெல்வி தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஃபைல் வந்தது.

புதுச்சேரியிலிருந்து வந்து தம்பியை அமைத்துக் கொடுத்த பையன் ஒரு படிவம் விட்டுப்போயிருந்தான். ஒவ்வொரு கருவிக்கும் மூன்று கேள்வி. இது என்ன செய்யும்? எப்போது பயன்படுத்த வேண்டும்? எப்போது பயன்படுத்தக் கூடாது? பூர்த்தி செய்து கொடுங்கள், தம்பி இதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்யும் என்று கீழே பணிவாக எழுதியிருந்தான். முதல் கருவி, இது என்ன செய்யும் என்ற கேள்விக்கு நேராகப் பச்சை மசியில் 'வேல்முருகன்' என்று இருந்தது. எப்போது பயன்படுத்த வேண்டும்? 'மேற்படி'. எப்போது கூடாது? 'மேற்படி'. இரண்டாம் கருவி, 'செல்லம்மாள்', மேற்படி, மேற்படி. மூன்றாம் கருவி, 'கன்னியப்பன்'. ஐந்து கருவிக்கும் அதுதான். அடியில் பச்சையாக ஒரு கையெழுத்து.

லாரி, மடை, டீ என்ற வார்த்தையே அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. பாவம், தம்பி என்ன செய்யும்? யாராவது பேசினால், பேசினவரின் பெயர் எந்தக் கருவியில் இருக்கிறது என்று தேடி எடுத்து ஓட்டிவிட்டது. வேல்முருகன் லாரியைப் பற்றியும் கன்னியப்பன் மடையைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது. மணிவண்ணன் சாமி கும்பிடப் போய், கன்னியப்பன் டீ கேட்டதுதான் வினையாகிவிட்டது.

"இதுல என்ன இருக்குது?" என்றார் தலைவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்க அளத்துல அப்படித்தாங்க. கன்னியப்பன்னா மடை. ரெண்டு வருஷம் முன்ன இவனுக்கு அம்ம போட்டு படுத்தப்ப, வேற ஒருத்தன கூப்ட்டு இன்னிக்கி நீ கன்னியப்பன் பாருன்னோம். அவனும் பாத்துட்டுப் போனான். இங்க பொறந்த கொழந்தைக்கிக்கூடத் தெரியும். இத எதுக்கு வெளக்கி எழுதணும்?"

"தம்பி இங்க பொறக்கலயே தலைவரே," என்றார் மேடம்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாக எட்டாம் பாத்தியைப் பார்த்தார். "எம் உப்ப நானேவா கரைச்சேன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பாவம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. தலைவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னியப்பன் மேல் தப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன் என்றார். வெளியே பெண்கள் அப்பாடா என்றார்கள். கன்னியப்பன் கையிலிருந்த துண்டு தளர்ந்தது.

"ஆனா ஒண்ணு மேடம். நீங்க சொல்றபடி ஒழுங்கா வெளக்கி எழுதிக் குடுத்துட்டா, யாரு பேசுனாலும் தம்பியே மடைய சரியா பாத்துக்கும். அப்பறம் மடைக்கின்னு தனியா ஒரு ஆளு எதுக்கு?"

சொல்லிவிட்டு நோட்டீஸை எடுத்தார். 'குற்றம் செய்ததால்' என்ற வார்த்தையைப் பச்சை மசியால் அடித்தார். மேலே 'தேவை இல்லாததால்' என்று எழுதினார். அவ்வளவு குறைவாக எழுதி அவ்வளவு பெரிய கெடுதல் செய்ய முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கெட்ட பேரிலிருந்து கன்னியப்பனைக் காப்பாற்றி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மத்தியானம் எங்கள் மாடிக்கு வராமல் இருந்திருந்தால் கெட்டவன் என்ற பெயரோடாவது போயிருப்பார். இப்போது ஆளே வேண்டாம் என்றாகிவிட்டது. மேடம் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மேடம் படிவத்தைக் கையில் எடுத்து, "எழுதலாம் தலைவரே," என்றார். "ஆனா மேற்படி போடக் கூடாது. மூணு கேள்விக்கும் பதில் வேணும். செய்யறவரு சொல்லட்டும், செல்வி டைப் அடிக்கட்டும்."

தலைவர் தாராளமாக என்று கையை விரித்தார். கன்னியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார்.

மூன்றாம் கருவி, இது என்ன செய்யும் என்று ஆரோக்கியசெல்வி கேட்டார். மடையைத் திறக்கும், மூடும் என்றார். எப்போது பயன்படுத்த வேண்டும்? பாத்தியில் தண்ணீர் வற்றினால் என்றார். இரண்டு வரிதான். தலைவர், பார்த்தீர்களா என்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எப்போது பயன்படுத்தக் கூடாது?

 கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

பாத்தியில் உப்பு பூத்திருந்தால் கூடாது. பாலாடை மாதிரி மேலே ஏடு கட்ட ஆரம்பித்தாலும் கூடாது, காற்றுக்கூடப் படாமல் விட வேண்டும். வாடைக்காற்று அடிக்கும்போது கூடாது, அலை எழும்பி வரப்பை அறுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் அரைப் பலகைக்கு மேல் தூக்கக் கூடாது. முந்தின நாள் தூறல் போட்டிருந்தால் மத்தியானம் வரை கூடாது, மழைத் தண்ணீர் மேலேயே நிற்கும், அதை முதலில் வழித்து விட வேண்டும். மடை வாயில் நண்டு வளை இருந்தால் களிமண் வைத்து அடைக்காமல் திறக்கவே கூடாது. வாய்க்காலில் இறால் வலை கட்டியிருந்தால் கட்டினவரைக் கேட்காமல் கூடாது, கேட்காமல் திறந்து ஒருமுறை மண்டை உடைந்திருக்கிறது, யார் மண்டை என்பது வேண்டாம். பாத்தியில் பெண்கள் இறங்கியிருந்தால் மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். மூன்றாவது குரலுக்கும் செல்லம்மாளுக்குக் காது கேட்காது, அவருக்கு மட்டும் கையைக் காட்ட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே செல்லம்மாள், அது உண்மைதான் என்றார்.

மணி நாலு ஆயிற்று. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கூட்டம் இதுதான் என்று நினைத்து நின்று கேட்டார்கள். கன்னியப்பன் நிறுத்தவில்லை. ஆரோக்கியசெல்வி நாலாவது பக்கத்துக்குப் போய்விட்டார். இத்தனை நாளும் இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் அந்த மனுஷன் போனை எடுத்து, மடையைத் திற என்று ஒரு வரி சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாலே காலுக்குக் கடைசியைச் சொன்னார். "இதெல்லாம் சரியா இருந்தாலும், தண்ணிய தொட்டு நாக்குல வெச்சிப் பாக்கணுங்க. நுனி நாக்குல உப்பு தெரிஞ்சா ஆவல. அடி நாக்கப் புடிச்சி இழுக்கணும். அப்பதான் தண்ணி முத்துனது. முத்தாத தண்ணிய விட்டா இருக்கற உப்பையும் கரைச்சிரும்."

ஆரோக்கியசெல்வி அதையும் ஒரு எழுத்து விடாமல் அடித்து, மூன்றாம் கருவிக்கு இருந்த பழைய பச்சைக் குறிப்பை எடுத்துவிட்டு இதைத் தம்பிக்கு ஏற்றினார். தலைவர் போனை எடுத்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார்.

"நான் தலைவர் பேசறேன். ஒம்பதாம் பாத்தி மடைய தொற."

இந்தத் தடவை கருவி இல்லை என்று தம்பி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு பேசியது. "வணக்கம் ஐயா. மூன்றாம் கருவியின் குறிப்பை முழுதாகப் படித்தேன். இன்று அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. நேற்று மழை இல்லை. காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. ஆனால் நண்டு வளையும் வலையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்குக் கண் இல்லை. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு நாக்கும் இல்லை. யாராவது பார்த்துச் சொன்னால் திறக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் போனைக் கீழே வைத்தார்.

"நாக்குதான? எனக்கில்லாத நாக்கா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். கூட்டம் மொத்தமும் வரப்பில் அவர் பின்னால் போனது. ஒன்பதாம் பாத்தி மடைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். மறுபடியும் வைத்தார்.

"என்ன தலைவரே?" என்றார் மேடம்.

"உப்பா இருக்குது," என்றார்.

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். லாரி டிரைவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைவர் இன்னொரு தடவை விரலை விட்டு, இன்னும் கொஞ்சம் கவனமாகச் சப்பிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே உப்பாகத்தான் இருக்கிறது என்று சாதித்தார்.

கன்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் குந்தி மடை வாயை ஒரு சுற்றுப் பார்த்தார். விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, உப்பங்கழிப் பக்கம் பார்த்தபடி இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"இன்னும் ஒரு நாளு ஆவணும்," என்றார்.

தலைவர் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். ஈரக் கையால் அதை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார், பிறகு கிழித்தார்.

"நாளைக்கி எத்தன மணிக்கு வருவ?" என்று கேட்டார்.

"எப்பவும் வர்ற நேரத்துக்குத்தாங்க," என்றார் கன்னியப்பன்.